கொடுத்தவரா, கட்டிப்போட்டவரா? புளோரன்ஸின் கடைசி மெதிச்சிப் பெண்மணி

கேள்வி: 9 பிப்ரவரி 2025

புளோரன்ஸ் நகரத்துப் பிட்டி அரண்மனையில் உள்ள கிராண்ட் டியூக்குகளின் கருவூலத்தைப் பார்த்துவிட்டு வந்த என் உறவினர், அன்னா மரியா லூயிசா தே மெதிச்சி என்னும் பெண்மணியின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் இறந்த நாளில் ஆண்டுதோறும் ஊர்வலம் போகிறதாம், நகராட்சி அருங்காட்சியகங்களில் கட்டணம் வாங்குவதில்லையாம். எனக்கு இது மிகையாகத் தோன்றுகிறது. பிள்ளையில்லாத ஒரு சீமாட்டி, அடுத்து ஆள வந்தவரிடம் குடும்பச் சொத்தை ஒப்படைத்தார். எப்படியும் அது அவருக்குத்தானே போயிருக்கும்? இதில் வள்ளன்மை எங்கே இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் சொல்லலாம்.

11 பிப்ரவரி 2025

31 ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைச் சீண்டுகிறது. கடந்த ஆண்டு பிப்ரவரியில், மியூனிக்கில் வேலை பார்க்கும் மகளிடம் போயிருந்தபோது, இரண்டு நாள் புளோரன்ஸில் தங்கினோம். கருவூலத்துக்குள் நுழையும்வரை நானும் நீங்கள் கேட்டதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதைச் சுருக்கம் இது. மெதிச்சிக் குடும்பம் ஏறத்தாழ 300 ஆண்டுகள் புளோரன்ஸை ஆண்டது. அவர்களில் கடைசி கிராண்ட் டியூக்கான (அரசருக்கு ஒப்பான ஆட்சியாளர்) ஜான் கஸ்தோனே 1737 ஜூலை 9 அன்று வாரிசின்றி இறந்தார். மிஞ்சியவர் அவருடைய அக்காள் அன்னா மரியா லூயிசா. அப்போது அவருக்கு 70 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய அரசுகள் தங்களுக்குள் பேசி முடித்து, புளோரன்ஸைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனி நாட்டை லொரேன் வம்சத்துப் பிரான்சிஸ் ஸ்டீபனுக்கு முன்பே ஒதுக்கிவிட்டிருந்தன. அக்காள் தம் உயிலில் கலைச்செல்வம் முழுவதையும் நகரத்துக்கு எழுதி வைத்தார். அதனால்தான் இன்று புளோரன்ஸின் உஃபீட்சி ஓவியக்கூடத்தில் போத்திச்செல்லி, திஷியன் ஆகியோரின் ஓவியங்களை நாம் பார்க்க முடிகிறது.

12 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு பிழை, அதுவும் என் தொழிலில் செய்யக் கூடாத பிழை. அது உயில் அன்று, ஒப்பந்தம். 1737 அக்டோபர் 31 அன்று அவருக்கும் புதிய அரச வம்சத்துக்கும் இடையே கையெழுத்தானது. அதைக் குடும்ப உடன்படிக்கை என்று அழைக்கிறார்கள். உயிலுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே சிறியதன்று. உயில் எழுதியவர் கண் மூடிய பிறகுதான் உயிர் பெறும். வாரிசு அதை எதிர்த்து வழக்காடலாம். ஒப்பந்தமோ இரு தரப்பும் உயிரோடு இருந்து, எதிர்த்தரப்பும் ஒப்பி, கையெழுத்திட்டது. தம்பி இறந்து நான்கு மாதங்கள் நிறைவதற்குள் அந்த அம்மையார் இதை முடித்திருக்கிறார். துக்க வீட்டில் இவ்வளவு விரைவாகப் பத்திரம் எழுத வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் வந்த நோக்கம் வேறு.

14 பிப்ரவரி 2025

“எப்படியும் அவருக்குத்தானே போயிருக்கும்” என்ற வாதத்துக்கு வருகிறேன். போயிருக்காது. நாடு வேறு, குடும்பத்தின் தனிச் சொத்து வேறு. ஆட்சி லொரேன் வம்சத்துக்கு மாறியது அரசுகளின் முடிவு. ஓவியம், சிலை, நகை, நூல், மாடம் மாடமாக அடுக்கியிருந்த கல் பாத்திரங்கள் ஆகியவை கடைசி வாரிசான அவருடைய பாத்தியதைக்கு உட்பட்டவை. அவற்றுக்கு ஸ்பெயின் அரச குடும்பத்து தொன் கார்லோசும் உரிமை கொண்டாடினார். அம்மையார் நினைத்திருந்தால் விற்றிருக்கலாம், பிரித்துக் கொடுத்திருக்கலாம், விரும்பிய தேவாலயங்களுக்கு எழுதியிருக்கலாம்; கேட்பதற்கு ஆள் இல்லை.

அவர் செய்தது வேறு. பொருள்கள் அனைத்தும் புதிய கிராண்ட் டியூக்குக்கும் அவருக்குப் பின் வருவோருக்கும் போகும்; ஆனால் அவற்றில் எதுவும் தலைநகரத்தையும் நாட்டையும் விட்டு வெளியே கொண்டுபோகப்படக் கூடாது, பராதீனம் செய்யப்படக் கூடாது, அதாவது பிறருக்கு உரிமை மாற்றித் தரக் கூடாது. ஏன் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு ஒரே வரியில் சொல்கிறது: அவை அரசுக்கு அணியாகவும், பொதுமக்களுக்குப் பயனாகவும், அயலாரின் ஆவலை ஈர்ப்பதற்காகவும் இருக்கின்றன.

நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் வாய்க்குள் உருளும் ஒரு தொடர் உண்டு: “தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” வாங்குபவர் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். என் கையால் இதை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்னா மரியா லூயிசாவின் பத்திரம் இந்தத் தொடரைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது: ஆண்டுகொள், அனுபவித்துக்கொள், ஆனால் தானமும் இல்லை, விநியோகமும் இல்லை, விக்கிரயமும் இல்லை. ஆகவே நண்பரின் கேள்விக்கு என் விடை இதுதான்: அவர் சொத்தைக் கொடுத்ததற்காக ஊர்வலம் போகவில்லை, அந்தச் சொத்தின் மீது தெரிந்தே ஒரு வில்லங்கத்தை ஏற்படுத்தி வைத்தாரே, அதற்காகப் போகிறது. வில்லங்கம் என்ற சொல்லை நல்ல பொருளில் எழுத எனக்கு இப்போதுதான் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

14 பிப்ரவரி 2025, இரவு

“அயலாரின் ஆவலை ஈர்ப்பதற்காக” என்ற தொடரை மறுபடியும் படித்தேன். 1737இல் எழுதப்பட்ட அந்த “அயலார்” பட்டியலில் முழங்கால் வலியோடு வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரும் அடங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

18 பிப்ரவரி 2025

இன்று அவருடைய நினைவு நாள். அவர் 1743 பிப்ரவரி 18 அன்று பிட்டி அரண்மனையில் தம் 75ஆம் வயதில் இறந்தார். அப்போது அங்கிருந்த ஆங்கிலத் தூதர் ஹொரேஸ் மான் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி உண்டு: அன்று காலை கடுங்காற்று எழுந்து இரண்டு மணி நேரம் வீசிற்றாம், பிறகு வெயில் பளிச்சென்று அடித்ததாம், அம்மையார் அந்தச் சூறைக்காற்றோடு போய்விட்டார் என்று சாதாரண மக்கள் நம்பினார்களாம்.

கடந்த ஆண்டு இதே நாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் அங்கே இருந்தது தற்செயல். பழைய குடியரசுக் கால உடையணிந்தவர்கள் முரசோடும் கொடியோடும் மெதிச்சிக் கல்லறைத் தேவாலயத்தை நோக்கிப் போனார்கள். அங்கே கல்லறையில் மலர் வைப்பார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். நகராட்சி அருங்காட்சியகங்களில் அன்று நுழைவு இலவசம். நானோ அரசு நடத்தும் பிட்டி அரண்மனைக்கு முதல் நாளே காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். ஊரே இலவசமாக நுழையும் நாளில் காசு கொடுத்து நுழைந்தவன் என்று மகள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

19 பிப்ரவரி 2025

கருவூலத்தில் என்ன பார்த்தேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

தரைத்தளத்தில் சுவரும் கூரையும் ஓவியமாக இருக்கும் பெரிய கூடங்கள். அவற்றைக் கடந்து போனால் கல் பாத்திரங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் லொரென்சோ தே மெதிச்சி சேர்த்த செம்மணிக்கல், அகேட் கிண்ணங்களும் கூசாக்களும் அங்கே உள்ளன. அவர் தம் பெயரின் சுருக்க எழுத்துகளைக் கல்லிலேயே வெட்ட வைத்திருக்கிறார். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போலத்தான். பாத்திரக் கடைக்காரரின் அதிரும் ஊசிக்குப் பதிலாகத் தேர்ந்த கல்வேலைக்காரரின் உளி.

இடைமாடியில் உள்ள சிறிய அறைகளில்தான் அம்மையாரின் சொந்தப் பொருள்கள் இருக்கின்றன. கோணல் முத்துகளைக் கொண்டு செய்த பொம்மைகள் அவை. உருண்டையாக வளராத முத்தைக் கையில் எடுத்த பொற்கொல்லர், இது யாருடைய வயிறு, எந்த விலங்கின் முதுகு என்று பார்த்திருக்கிறார்; பிறகு அதற்குப் பொன்னால் தலையும் கையும் காலும் வைத்து, எனாமல் பூசி, சிறு கற்களைப் பதித்திருக்கிறார். மாலையில் கோக்க முடியாத முத்துக்கு நம் ஊர் அடகுக் கடையில் மதிப்பே போட மாட்டார்கள்.

அவற்றின் நடுவே ஒரு தொட்டில். உள்ளங்கையில் அடங்கிவிடும், மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பின்னிய வேலை, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. உள்ளே துணியால் சுற்றிய குழந்தை படுத்திருக்கிறது. அந்தக் குழந்தையின் உடம்பு ஒரு முத்து. 1695ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட இதைக் கணவர் அவருக்குக் கொடுத்தார். கணவர் யோகான் வில்ஹெல்ம், புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஜெர்மானியச் சிற்றரசர்களில் ஒருவர், டுசல்டார்ஃபிலிருந்து ஆண்டவர். 1691இல் திருமணம். பிள்ளை வேண்டும் என்ற ஆசையில் கொடுத்த பரிசு அது. பிள்ளை பிறக்கவே இல்லை. 1716இல் கணவர் இறந்தார், அடுத்த ஆண்டு அவர் புளோரன்ஸுக்குத் திரும்பினார். தொட்டில் அவரோடு திரும்பி வந்திருக்கிறது.

மகள் முன்னால் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். காவலர் பெண்மணி ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

20 பிப்ரவரி 2025

முந்தைய குறிப்பைப் படித்த ஒருவர், “பிள்ளை இல்லாததால்தான் ஊருக்குக் கொடுத்தார் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்” என்கிறார். ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையில்லாத சொத்து எப்படிச் சிதறும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். என் அத்தைக்குப் பிள்ளை இல்லை. அவருடைய காசுமாலையைப் பாகப்பிரிவினைப் பட்டியலில் என் கையாலேயே எழுதினேன். எடையைத்தான் எழுதினேன். காசு எத்தனை, எந்தக் காலத்துக் காசு, யார் கொடுத்தது என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. நான்கு பங்காக வேண்டும் என்பதால் அது உருக்குப் பட்டறைக்குப் போயிற்று. குற்றம் எங்கள் குடும்பத்துடையது, அதில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு.

1 மார்ச் 2025

அவருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டியிடமிருந்து என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மையாரின் தாய் பிரெஞ்சு அரச குடும்பத்து மார்கரெட் லூயிஸ். கணவரோடு ஒத்துப் போகாமல் 1675இல் பாரிசுக்கே திரும்பிவிட்டார். அப்போது மகளுக்கு ஏழு வயது. குழந்தையை வளர்த்தவர் அப்பாவைப் பெற்ற பாட்டி விட்டோரியா தெல்லா ரோவெரே. இந்தப் பாட்டியே ஒரு வம்சத்தின் கடைசிக் கொழுந்து. உர்பினோவை ஆண்ட அவருடைய குடும்பம் 1631இல் ஆண் வாரிசின்றி முடிந்தது. நாடு போப்பாண்டவருக்குப் போயிற்று. குடும்பப் பொருள்கள் சிறுமி விட்டோரியாவின் சீதனமாகப் புளோரன்ஸுக்கு வந்தன. இன்று உஃபீட்சியில் கூட்டம் மொய்க்கும் திஷியனின் “உர்பினோ வீனஸ்”, பியெரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய உர்பினோ பிரபுவும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கும் பக்கவாட்டு உருவங்கள், இவையெல்லாம் அந்தச் சீதனத்தில் வந்தவை. உர்பினோவில் இன்று அரண்மனை இருக்கிறது, அரண்மனைக்காகத் தீட்டப்பட்டவற்றில் பல இல்லை.

ஒரு வம்சம் முடிந்தால் அதன் பொருள்கள் வண்டியேறிப் போய்விடும் என்பதற்குப் பாட்டியின் அறைகளே சாட்சி. பேத்தி அந்தச் சாட்சியத்துக்கு நடுவே வளர்ந்தாள்.

3 மார்ச் 2025

மேலே எழுதியது பாதிதான். அவர் காலத்திலேயே இன்னும் நெருக்கமான எச்சரிக்கை ஒன்று இருந்தது. 1731இல் பார்மாவின் ஃபர்னீசே வம்சம் முடிந்தது. அதன் சொத்து தாய்வழியில் தொன் கார்லோசுக்குப் போயிற்று. நேப்பிள்ஸின் அரசரானதும் அவர் ஃபர்னீசே ஓவியங்களைப் பார்மாவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். இன்றும் அவை அங்கேதான் இருக்கின்றன. இதெல்லாம் 1737க்குச் சற்று முன்னால் நடந்தது. அந்த கார்லோஸ்தான் தஸ்கனிக்கும் வாரிசு என்று முதலில் பேசப்பட்டவர். 1732இல் இளைஞராகப் புளோரன்ஸில் சில மாதங்கள் தங்கியிருந்தார். தம் சொத்துக்கு வாரிசாக வரவிருந்த பிள்ளை வேறோர் ஊரின் சொத்தை மூட்டை கட்டியதைக் கேள்விப்பட்ட ஒரு கிழவி, அடுத்து வந்தவரிடம் எழுதி வாங்காமல் விடுவாரா?

அதற்கும் நூறாண்டு முன்னால் மாந்துவாவின் கொன்சாகா குடும்பம் தன் ஓவியங்களை இங்கிலாந்தின் முதலாம் சார்லசுக்கு விற்றிருந்தது. அம்மையார் இறந்து சில ஆண்டுகளில் மொதெனாவின் எஸ்தே குடும்பம் 100 ஓவியங்களை டிரெஸ்டனுக்கு விற்றது. சுற்றிலும் எல்லா வீட்டிலும் ஏலம் நடந்துகொண்டிருந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

9 மார்ச் 2025

மகள் அனுப்பிய செய்தியால் ஒரு சேர்க்கை. மியூனிக்கின் பழைய ஓவியக்கூடத்தில் ரூபென்சின் ஓவியங்கள் கூடம் கூடமாக இருப்பதைப் புளோரன்ஸுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு நாங்கள் பார்த்திருந்தோம். அவற்றில் பெரும்பகுதி அம்மையாரின் கணவர் டுசல்டார்ஃபில் சேர்த்தவையாம்! 1805இல் போருக்கு அஞ்சி அவற்றை அங்கிருந்து கிளப்பினார்கள். கடைசியில் அவை மியூனிக்கில் நிலைத்துவிட்டன. டுசல்டார்ஃப் மக்கள் பல காலம் கேட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. ரூபென்சின் “மாதாவின் விண்ணேற்பு” ஒன்று மட்டும், தூக்கிச் செல்ல முடியாத அளவுக்குப் பெரியதாக இருந்த காரணத்தால், அங்கேயே தங்கியது.

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் 25 ஆண்டுகள் கலைப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். கணவரின் ஊருக்கு மிஞ்சியது குதிரை மேல் அமர்ந்த அவருடைய சிலையும் தூக்க முடியாத ஓவியமும். மனைவியின் ஊருக்கு மற்றதெல்லாம் மிஞ்சியது. இடையே இருந்த வேறுபாடு ஒரு பிரிவில் அடங்கிய சில வரிகள்.

10 மார்ச் 2025

நேற்றைய கடைசி வரியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். “மற்றதெல்லாம் மிஞ்சியது” என்பது உண்மையன்று. மெதிச்சி வெள்ளிப் பாத்திரங்களில் மிகுதியும் உருக்கிக் காசாக்கப்பட்டன. ஆயுதச்சாலையின் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே விற்கப்பட்டது. பிரெஞ்சுப் படைகள் மெதிச்சி வீனஸ் சிலையைப் பாரிசுக்குக் கொண்டுபோயின. நெப்போலியன் வீழ்ந்த பிறகுதான் அது திரும்பியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரான்சிஸ் ஸ்டீபனே நகைகள் வியன்னாவுக்குப் போகக் காரணமானார். பத்திரம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எதிர்த்தரப்பு அரசனாக இருந்தால் எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

நகைகளுள் முதன்மையானது புளோரன்டைன் வைரம்: 137.27 காரட், மஞ்சள் நிறம், ஒன்பது பக்கங்கள், 126 பட்டைகள். வைர வணிகர் தவெர்னியே 1657இல் அதைப் புளோரன்ஸில் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பெரிய வைரம் என்றாலே இந்தியச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பது பொது வழக்கு. முதல் உலகப்போர் முடிவில், பிரான்சிஸ் ஸ்டீபனின் வழிவந்து வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறியபோது அதைத் தங்களோடு எடுத்துச் சென்றது. அத்தோடு அது காணாமற்போயிற்று. வெட்டித் துண்டாக்கி விற்றிருப்பார்கள் என்பது பலருடைய முடிவு, என்னுடையதும் அதுவே.

16 மார்ச் 2025

“அப்படியானால் ஒப்பந்தம் தோற்றதுதானே” என்று கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கிறார், விடாப்பிடியான மனிதர். வைரத்தில் தோற்றது, சுவரில் வென்றது என்பேன். உஃபீட்சியின் எண்கோண அறையும் அதன் ஓவியங்களும் இடம்பெயராமல் இருந்ததால்தான் 1769இல் பிரான்சிஸ் ஸ்டீபனின் மகன் பியெத்ரோ லியோபோல்தோ அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட முடிந்தது. திறந்தவர் அவர், அம்மையார் திறக்கவில்லை. முதல் குறிப்பைப் படித்தவர்களுக்கு நான் வேறு எண்ணம் தந்திருக்கக் கூடும் என்பதால் இதையும் பதிகிறேன். அம்மையார் இறந்து 26 ஆண்டுகள் கழித்தே அது நடந்தது.

இன்னொன்று. பத்திரம் செயல்படாமல் போனாலும் பதிவேட்டில் இருக்கும் வரை அதற்கு உயிர் உண்டு. 1919இல் செயின்ட் ஜெர்மைனில் ஆஸ்திரியாவோடு செய்யப்பட்ட சமாதான ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், தஸ்கனியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இளவரசியின் சொந்த நகைகள், மெதிச்சிக் குடும்பப் பரம்பரைச் சொத்தான பதக்கங்கள் ஆகியவை அதில் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. அவை ஒப்பந்தங்களின்படியும் உயில்களின்படியும் அரசுடைமை என்ற காரணமும் சேர்த்து எழுதப்பட்டுள்ளது. 182 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு கிழவியின் நிபந்தனையை வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நான் எழுதிய பத்திரங்களில் ஒன்றாவது அவ்வளவு காலம் பேசப்படும் என்று நான் நம்பவில்லை.

2 ஏப்ரல் 2025

கோவாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். பழைய கோவாவின் போம் ஜெசு தேவாலயத்தில் புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் வைக்கப்பட்டுள்ள வெள்ளிப் பேழையை 1998இல் குடும்பத்தோடு பார்த்தேன். பேழை கோவாத் தட்டார்கள் 1636, 1637ஆம் ஆண்டுகளில் செய்தது. அதைத் தாங்கி நிற்கும் பல நிறக் கல் பீடமும் அதில் பதித்த வெண்கலப் புடைப்புச் சிற்பங்களும் புளோரன்ஸில் ஜொவான்னி பத்திஸ்தா ஃபொஜ்ஜீனி செய்து, கப்பலேற்றி, 1698இல் கோவாவில் நிறுவப்பட்டவை. கொடையளித்தவர் மூன்றாம் கோசிமோ, அம்மையாரின் தந்தை. புனிதரின் தலையணை ஒன்றை அவருக்கு அனுப்பியதற்குக் கைம்மாறு என்று சொல்வார்கள்.

தலையணைக்கு ஒரு பளிங்குக் கல்லறை என்பது கைம்மாறிலும் தாராளம்தான். புளோரன்ஸிலும் அவர் புண்ணிய காரியங்களுக்கு அள்ளி இறைத்தவர். தந்தையின் கொடை கடல் கடந்து போகும் வகை. மகளின் கொடை நகரக் கூடாது என்று கட்டிப்போடும் வகை. கோவாவில் அந்தப் பீடத்தின் முன் நின்றபோது எனக்கு இதெதுவும் தெரியாது. கூட்டத்தில் மகனின் கையை விட்டுவிடக் கூடாது என்பதில்தான் கவனம் இருந்தது.

இந்தத் தந்தைக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். 1713இல் மூத்த மகன் இறந்ததும், இளைய மகனுக்குப் பின் மகளே ஆள வேண்டும் என்று புளோரன்ஸ் செனட்டில் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். பேரரசர் ஏற்கவில்லை. ஆளும் உரிமையை மறுத்த அரசுகள் பொருள்களின் உரிமையை மறுக்க மறந்துவிட்டன. அந்த இடைவெளியில்தான் அம்மையார் தம் பத்திரத்தை எழுதினார். பின்னர் பிரான்சிஸ் ஸ்டீபன் தம் சார்பில் ஆட்சி நடத்தும் பொறுப்பைத் தர முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

27 ஜூலை 2025

நீண்ட நாளாக இங்கே எழுதவில்லை. கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓய்வில் பழைய பெட்டியைக் கிளறியபோது அத்தையின் பாகப்பிரிவினைப் பட்டியலின் நகல் கிடைத்தது. “பழைய காசுமாலை, உருப்படி 1” என்று இருக்கிறது, எதிரே எடை. என் கையெழுத்து அன்று அழகாகத்தான் இருந்திருக்கிறது.

14 நவம்பர் 2025

மார்ச் 10ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வைரம் வெட்டப்படவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் வந்த செய்தி: ஹாப்ஸ்பர்க் குடும்பம் அதை இவ்வளவு காலமும் கனடாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தது. கடைசிப் பேரரசர் சார்லஸின் மனைவி சீத்தா இரண்டாம் உலகப்போரின்போது அதைத் தம்மோடு கொண்டு சென்றார். கணவர் இறந்த 1922ஆம் ஆண்டிலிருந்து 100 ஆண்டுகள் இரகசியம் காக்க வேண்டும் என்று தம் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார். தங்களுக்கு அடைக்கலம் தந்த கனடாவிலேயே அதைக் காட்சிக்கு வைக்க விரும்புவதாகக் குடும்பத்தினர் கூறுகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு பெண்மணி வெளியே போகக் கூடாது என்று எழுதி வைத்தார். இன்னொரு பெண்மணி வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்தார். இரண்டாமவரின் நிபந்தனைதான் எழுத்து மாறாமல் நிறைவேறியிருக்கிறது, அதற்குப் பத்திரம்கூடத் தேவைப்படவில்லை.

வைரம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. தொழில் பழக்கத்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் பேசக் கூடாது, இங்கே மூலப் பத்திரம் 1737ஆம் ஆண்டினுடையது.

16 நவம்பர் 2025

கேள்வி கேட்ட நண்பர் வருகிற பிப்ரவரியில் மனைவியோடு புளோரன்ஸுக்குப் போகிறாராம். இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். 2026இல் பிப்ரவரி 18 புதன்கிழமை வருகிறது. காலையில் ஊர்வலத்தைப் பார்க்கலாம். பிட்டி அரண்மனைக்குத் திங்கட்கிழமை போக வேண்டாம், அன்று மூடியிருக்கும். பெரும்பாலோர் மேல்மாடியில் ஓவியங்களைப் பார்த்துக் களைத்துப்போய்க் கருவூலத்தைக் கடைசியில் ஓட்டமாகக் கடக்கிறார்கள். நீங்கள் முதலில் அங்கே போங்கள். தொட்டில் மிகச் சிறியது, படிக்கும் கண்ணாடியை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.